ஆளேற்றி அளந்த யூனுஸ் பாய்

இந்தத் துயரக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் லாரி உரிமையாளர், பெரியவர் நஞ்சுண்டன் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் எங்கள் டயர் வணிகர் சங்கத்துத் தோழர்களே! தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் அஃப்ரா அவர்களே! கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தா காலம் என்பதால் வர முடியாமல் வீட்டிலிருக்கும் பாயின் மனைவி, சகோதரி மெஹராஜ் அவர்களையும் மனத்தில் நிறுத்தி, சங்கத் தலைவன் பொங்கியண்ணனாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து கடை ஷட்டரைத் தூக்கினார் யூனுஸ் பாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கும்போது உயிர் இல்லை. ஐம்பத்தெட்டு வயது! போகிற வயதா இது? எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

யார் இந்த யூனுஸ்? கணபதியில் என் கடைக்கு நேர் எதிரே இருபத்திரண்டு வருடம் கடை போட்டிருந்த என் போட்டிக்காரர்! ஊர் அவரைச் 'சைஸ் பாய்' என்றுதான் அழைத்தது. கார் வைத்திருப்பவர்கள் நம்மிடம் வந்து என்ன கேட்கிறார்கள்? "அகலமாப் போடுங்க, பார்வையா இருக்கணும்." நாம் என்ன செய்கிறோம்? போட்டுக் கொடுத்துச் சிரித்த முகமாக அனுப்பி வைக்கிறோம். அவர் அனுப்பினாரா? இல்லை! அகலத்தைப் பார்ப்பார். பக்கச் சுவரின் உயரத்தைப் பார்ப்பார். இரண்டும் சேர்ந்து சக்கரத்தின் மொத்த உயரம் கூடுகிறதா, குறைகிறதா, ஸ்பீடு மீட்டர் பொய் காட்டுமா என்று பார்ப்பார். அதற்குப் பிறகும் திருப்தி வராது அந்த மனுசனுக்கு!

எதிர் டீக்கடையைப் பார்த்துக் கூப்பிடுவார். "ஏனுங்க, நாலு பேரு வாங்க, வண்டியில உக்காரோணும்!" டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே வந்து ஏறுவார்கள். டிக்கியில் இரண்டு மூட்டை மணல். பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, அவர் தரையில் படுத்து உள்ளே கை விட்டுப் பார்ப்பார். மறுபக்கம் ஒடித்து மறுபடியும் பார்ப்பார். நானே எத்தனையோ தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். தொண்ணூற்றிரண்டு கிலோ! "பொங்கியண்ணன் ஒருத்தரு வந்தா ரெண்டு ஆளுக்குச் சமமுங்க" என்பார். போட்டிக்காரனையே எடைக்கல்லாக வைத்துத் தொழில் செய்தவர் வேறு எந்த ஊரிலாவது உண்டா?

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "ஏனுங்க பாய், ஜாக்கியில ஏத்திச் சுத்திப் பார்த்தாப் போதாதா? எதுக்குங்க இந்தக் கூத்து?" அவர் சொன்னார்: "ஜாக்கி மேல நிக்கிற வண்டிய நம்பாதீங்க. சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும், எதுலயும் படாது. சனம் ஏறுன பொறகுதானுங்க நெசம் தெரியும்." வால்பாறை டாக்ஸிக்காரர்கள் அத்தனை கடையையும் தாண்டி அவரைத் தேடி வந்தது இதனால்தான். எனக்கு அது அன்று புரியவில்லை.

தோழர்களே! இனி சொல்லப் போவதை இந்த மண்டபத்தில் இரண்டு பேர் தவிர யாரும் அறிய மாட்டீர்கள். ஒருவன் நான். இன்னொருவர் பின்வரிசையில் இருக்கும் தம்பி கிருபாசங்கர்.

தொண்ணூற்றாறாம் வருடம், சித்திரை மாதம். கிருபாசங்கர் ஒரு பழைய காண்டெஸா கார் வாங்கி, அதில் பெரிய இன்ஜின் ஏற்றியிருந்தார். பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. மிதித்தால் பிய்த்துக்கொண்டு போகும். நாலு சக்கரத்துக்கும் டயரை மாட்டுகிற அகல டிஸ்க், அகல டயர் கேட்டு முதலில் பாயிடம்தான் போனார். பாய் சொன்னார்: "தம்பி, இந்த இன்ஜினுக்குப் பின்னால ஒரு படி அகலம் கூட்டலாமுங்க, பிடிமானம் வேணும். முன்னால கம்பெனி சைசே இருக்கட்டும். திரும்புற சக்கரத்துக்கு உள்ள எடம் பத்தாதுங்க." தம்பிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

நான் என்ன செய்தேன்? பாய் மாட்டேன் என்றதை நான் செய்து காட்டுகிறேன் பார் என்று மீசையை முறுக்கினேன்! ஜாக்கியில் ஏற்றினேன், சுற்றிப் பார்த்தேன், எங்கும் படவில்லை. நாலு சக்கரத்தையும் மாட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த வண்டி பாயின் கடையைத் தாண்டிப் போயிருக்கிறது. உள்ளே ஐந்து பேர், மேலே கேரியரில் பெட்டிகள். ஊட்டிக்குக் குடும்பத்தோடு பயணம். வண்டி தணிந்து போவதைப் பார்த்த பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அவர் போட்ட டயரா? இல்லை. அவர் சொல்லைக் கேட்ட ஆளா? அதுவும் இல்லை! ஆனாலும் மேட்டுப்பாளையம் வரைக்கும் விரட்டிப் போனார். மலை ஏறுவதற்கு முன்னால் டிபன் சாப்பிட நிறுத்தியிருந்தார்கள். "கோவிச்சுக்காதீங்க தம்பி, எல்லாரும் ஒரு நிமிசம் ஏறி உக்காருங்க, ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க" என்றார். நடுரோட்டில் மல்லாந்து படுத்து உள்ளே கை விட்டார்.

வலது பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அந்த பிரேக் ஓஸில் டயர் உரசி, ரப்பர் தேய்ந்து, உள்நூல் வெளியே தெரிந்தது. மேலே கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றிலும் முழுக்க ஒடிக்க வேண்டும். பிரேக் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வண்டியில் தம்பியின் தாயார் இருந்தார், மனைவி லோகப்பிரியா இருந்தார், இரண்டு குழந்தைகள் இருந்தன.

பாய் எனக்குத்தான் போன் செய்தார். "பொங்கியண்ணாங்க, தம்பி வண்டியில கழட்டுன அந்தப் பழைய டயர டிஸ்க்கோட கொண்டாங்க. ஒரு பிரேக் ஓஸும் வேணும். கடையில ஆருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க." வேனில் போட்டுக்கொண்டு போனேன். பாய் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தம்பியிடமும் சொல்லிவிட்டார்: "அவரு கடைய நம்பி ஏழு குடும்பம் இருக்குதுங்க, வெளிய பேச வேண்டாம்." எல்லாவற்றையும் அங்கேயே மாற்றிப் போட்டுவிட்டு, கழற்றிய ஓஸை என் கையில் கொடுத்தார். திரும்பும் வழியில் அதைப் பவானி ஆற்றில் வீசினேன். சாட்சி போகட்டும் என்று வீசினேன்! அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

இதைவிடக் கேவலம் இன்னும் இருக்கிறது. தொண்ணூற்றேழில் பாய் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சைஸ் மாற்றி டயர் போட்டால், ஆளேற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்க்காமல் எந்தக் கடையும் சாவியைக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். தலைவனாக இருந்த நான் தோற்கடித்தேன். ஏன் இப்படி ஒரு விதி என்று யாராவது கேட்டால் என் கதை வெளியே வந்துவிடுமே என்ற பயம்! போன வருடம் மறுபடியும் கொண்டுவந்தார். "பாய்க்கு வியாபாரம் படுத்துப்போச்சு, நம்மளையும் படுக்கச் சொல்றாரு" என்று மைக்கில் பேசினேன். நீங்கள் சிரித்தீர்கள். அவர் மேட்டுப்பாளையம் என்று ஒரே ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், நான் அன்றோடு தொலைந்திருப்பேன். சொன்னாரா? துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கிருபாசங்கர் தம்பி, நிமிர்ந்து உட்காருங்கள்! நீங்கள் ஆசைப்பட்டீர்கள், கேட்டீர்கள். முடியாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை.

அஃப்ரா அம்மணி! சங்கத்தில் அவமானப்பட்டு வந்த அன்று அப்பா ராத்திரிச் சாப்பாடே வேண்டாமென்று சொல்லிவிட்டதாக உன் அம்மா ஜனாஸா அடக்கம் நடந்த அன்று சொல்லி அழுதாராம். காரணம் தெரியவில்லை என்றாராம். காரணம் இதோ மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தோழர்களே! படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகவா வந்தோம்? நான் விடமாட்டேன்! அவருடைய தீர்மானத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே முன்மொழிகிறேன். என் கடையில் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்! இனி அவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் நாலு பேரை ஏற்றித்தான் பார்க்க வேண்டும், அந்த நிலையை நாம் உண்டாக்குவோம். இதைக் கேட்ட பிறகு நான் தலைவனாக இருக்கத் தகுதியில்லை என்று நினைத்தால் நாளைக்கே இறக்கிவிடுங்கள். தீர்மானத்தை மட்டும் இறக்காதீர்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம். நிமிடம் முடிந்ததும், சம்மதம் இல்லாதவர்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். சம்மதம் உள்ளவர்கள் நின்றபடியே இருங்கள். அஃப்ரா கண்ணு, நீ திரும்பி நின்று ஒவ்வொரு தலையாக எண்ணு. எத்தனை பேர் நின்றார்கள் என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லு.

என்னிலிருந்து எண்ண ஆரம்பி.