வலது பக்க வெளக்கு

நீ பேசாத. பொண்ணு கேக்க வந்த எடத்துல மாப்பிள்ளைப் பையன் வாயத் தெறக்கக் கூடாது, அந்த ஒரு பழக்கமாவது உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் கேக்கறதுக்குத் தலைய ஆட்டு, போதும். பேச வேண்டியத எல்லாம் உங்க பெரியப்பா கூடாரத்துக்குள்ள உக்காந்து பேசிட்டாரு. அவரு முன்னாடி காப்பியும் வச்சாச்சு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அவரு அதத் தொட மாட்டாரு. ஆறட்டும். எனக்கு மொதல்ல உன் வண்டியோட வெளக்கப் பாக்கணும். பொழுது அந்தப் பாறைக்குப் பின்னாடி போறதுக்குள்ள பாத்துடணும், வா.

ஆடு மண்ணுக்குள்ள குழி அடுப்புல வேகுது, வாசன வருதுல்ல. உடனே சந்தோஷப்பட்டுக்காத. வந்தவனுக்குச் சோறு போடறது வேற, பொண்ணக் குடுக்கறது வேற. எதிரி வந்தாலும் நான் ஆடு வெட்டுவேன்.

இதானே வண்டி? ஒரு கதவு பச்ச, ஒரு கதவு பழுப்பு. பின்னாடி ரெண்டு பெஞ்சு, மேல ஒரு கிழிஞ்ச துணிப் பந்தல். இதுல வெள்ளக்காரங்கள ஏத்திட்டு ராம் பாலைவனம் முழுக்கச் சுத்தற. உன்ன விட வயசான வண்டி. அதுக்கு மூஞ்சில இப்படி ரெண்டு வெளக்கு. கெழவனுக்குக் கட்டுப் பல்லு வச்ச மாதிரி இருக்கு. சிரிக்காத, நான் சிரிக்கறதுக்காகச் சொல்லல.

முன்னாடி இதுல இருந்த பழைய வெளக்க எங்க போட்ட? தூக்கி எறிஞ்சிட்டியா? எறிவ. மஞ்சளா, அடக்கமா, வெளக்குன்னா வெளக்கு மாதிரி இருந்துச்சு. அந்த வெளிச்சம் மணல்ல சாஞ்சு விழும். பள்ளம் எது, மேடு எதுன்னு நெழல் கட்டிக் காட்டும். இந்த எல்இடி என்ன பண்ணும் தெரியுமா? மொத்த மணலையும் சோத்துத் தட்டு மாதிரி தட்டையாக்கிடும். பள்ளம் இருந்துச்சுன்னு உள்ள விழுந்தப்புறம்தான் தெரியும். புழுதி கெளம்புச்சுன்னா இன்னும் மோசம். வெள்ள வெளிச்சம் புழுதில மோதி உன் மூஞ்சிலயே திருப்பி அடிக்கும். இதெல்லாம் அகபா டவுன்ல கடையில விக்கறவனுக்குத் தெரியுமா? அவன் மணல்ல கால் வச்சிருப்பானா? டப்பாவுல என்னமோ எழுதியிருந்துச்சு, நீயும் வாங்கிட்ட.

பானட்டத் தூக்கு.

எங்க, வயரக் காட்டு. ரிலே போட்டிருக்கியா? போட்டிருக்க. போடலன்னுதான் நெனச்சேன். பாதிப் பேரு பல்ப மட்டும் மாத்திட்டு, பழைய சுவிட்ச் வழியாவே கரண்ட விடறான். அந்த வயரெல்லாம் எலி கூடத் தொடாத வயரு. மறுமாசமே டேஷ்போர்டுல பொகை வரும், அப்புறம் வண்டியப் பழி சொல்லுவான். நீ பேட்டரிலேந்து நேரா தடி வயர் இழுத்திருக்க. உறையும் போட்டிருக்க. இங்க உரசாம இருக்க ரப்பரும் வச்சிருக்க. யாரு பண்ணிக் குடுத்தது? நீயேவா? சரி சரி, தலைய அவ்வளவு வேகமா ஆட்டாத, கழண்டு விழுந்துடப் போவுது. நல்லா இருக்குன்னு நான் சொல்லலயே. ரிலே போட்டிருக்கன்னுதான் சொன்னேன்.

கண்ணாடி ஓரத்துல புழுதி போகாம பசை வச்சிருக்க. அதுவும் தப்பில்ல. ஆனா இந்த வலது பக்கம், குனிஞ்சு பாரு. மூக்கத் தூக்கிட்டு நிக்குது. ரோட்டப் பாக்க வேண்டிய வெளக்கு ஆகாசத்தப் பாக்குது. எவ்வளவு செலவு பண்ணி என்ன, ஒரு திருகத் திருப்பி வெளக்க எறக்கத் தெரியல. இதனாலதான் போன வியாழக்கெழம அந்தக் கூத்து நடந்துச்சு.

என்ன கூத்துன்னு கண்ணாலயே கேக்கறியா? எங்க ஆடு ஒண்ணு வழி மாறி உங்க பக்கம் வந்துடுச்சு, திருப்பிக் கொண்டுவந்து விட்ட. ரொம்ப நல்ல காரியம். ஒரு ஆட்ட விடறதுக்கு ரெண்டு சூரியனத் தூக்கிட்டு வந்த. கூடாரம் கண்ணுல பட்டதும் வெளக்க அணைக்கணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலயா? தூரத்துலயே நிறுத்தி, அணைச்சு, எறங்கி, ஒரு தடவ இருமிட்டு நடந்து வரணும். எங்க தாத்தா காலத்துல ஒட்டகத்துல வந்தவன் கூட இருமிட்டுத்தான் வந்தான். நீ நேரா வாசல் வரைக்கும் ஹை பீம்ல வந்த. அதுவும் எந்தப் பக்கம்? பொம்பளைங்க பக்கம். துணிச் சுவரு, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியும்டா அந்த வெளிச்சத்துக்கு. ஆடெல்லாம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. எம் பொண்டாட்டி போலீஸுன்னு நெனச்சு அடுப்புல இருந்த ரொட்டியக் கருக விட்டா. இன்னைக்கு வரைக்கும் அந்த ரொட்டியப் பத்தித்தான் பேசறா.

நான் வெளிய வந்து உன் வண்டிக்கு எதுக்கவே நின்னேன், ஞாபகம் இருக்கா. அடிக்கத்தான் வர்றேன்னு நெனச்சுருப்ப. உள்ளயே உறைஞ்சு போய் உக்காந்திருந்த, வெளக்க அணைக்கக் கூடக் கை வரல. எவ்வளவு நேரம் நின்னேன்னு ஊருக்குள்ள கதை கட்டிட்டானுங்க. கோவத்துல பேச்சே வரலியாம் எனக்கு. சொல்லட்டும்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கூட ஆகல, ஏழு பேரக் கூட்டிக்கிட்டு பொண்ணு கேட்டு வந்து நிக்கற. வெக்கம்னு ஒண்ணு கடையில விக்குதான்னு அகபாவுல கேட்டிருக்கலாம்.

எம் பொண்ணு தர்ஃபாவ உனக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சவாரி ஓட்டற, அவளும் சவாரி ஓட்டறா, மணல்ல பாத்திருப்பீங்க. என் வண்டிய எதுக்குப் பொண்ணு ஓட்டுதுன்னு ஊரு பேசுது, அதுவும் தெரியும். எனக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியல, அதான் ஓட்டறா. பொழுது எறங்கறதப் பாக்க வர்ற கூட்டம் இருக்கே, அதான் எங்களுக்குச் சோறு. மேட்டுல ஏத்தி, பாக்க வச்சு, இருட்டினப்புறம் பத்திரமாக் கூடாரத்துக்குத் திருப்பிக் கொண்டுவரணும். ராத்திரி ஓட்டறதுல இந்த ராம்ல என்னைய மிஞ்ச ஆள் கெடையாதுன்னு பேரு எடுத்தவன் நான். அந்தப் பேரு இப்ப அவ கையில ஓடுது. நான் பக்கத்துல உக்காந்து பேசிட்டு வருவேன். வெள்ளக்காரனுக்கு அது போதும்.

அதான் உங்க பெரியப்பா சொன்னதக் கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டுல பொண்ணுக்கு வண்டி ஓட்டற கஷ்டமே இருக்காதுங்கறாரு. பெரிய தர்மம் பண்ற மாதிரி தாடியத் தடவிக்கிறாரு. கஷ்டமாம். அந்த மனுஷன் போன மாசம் சமமான எடத்துல வண்டியப் புதைச்சுட்டு நின்னாரு. இழுத்து விட்டது யாரு? தர்ஃபா. அவரு சொல்லியிருக்க மாட்டாரு. டயர்ல காத்த எறக்கி, பலகை போட்டு, ஒரே இழுவையில எடுத்தா. இவரு அவளுக்குக் கஷ்டம் இல்லாம பாத்துக்குவாராம். நீ என்ன சொல்ற? அவ ஓட்டலாமா, கூடாதா?

என்ன, தலைய ஆட்டறியா? வாயத் தெறந்து சொல்லு.

வழக்கம் கெடக்கட்டும். நான்தான் இப்பக் கேக்கறேன்ல, சொல்லு.

ம். ஓட்டட்டும்ங்கற. உன்ன விட நல்லா ஓட்டறாங்கற. அது ஊருக்கே தெரியும், நீ கண்டுபிடிக்க வேணாம். ஆனா அதப் பெரியப்பாகிட்டயும் இதே மாதிரி சொல்லணும். இப்படி முணுமுணுக்கக் கூடாது.

திருப்புளிய எடு. அந்த வலது வெளக்க எறக்கி விடறேன். இன்னைக்கு எறக்கலன்னா நாளைக்கு எவன் கூடாரத்துலயாவது அடிச்சு, கல்லால அடிப்பாங்க உன்ன. குடு இங்க. ஓரத்துல ரெண்டு திருகு இருக்கும், மேல இருக்கறதுதான் ஏத்தி எறக்கறது. எங்க அது. இருந்துச்சே இங்க. நீ ஒண்ணும் காட்ட வேணாம், எனக்குத் தெரியும், உன் வயசுக்கு மேல வெளக்கு மாட்டியிருக்கேன். இந்தப் பக்கம்.

இது திருகு இல்லையா?

பாறைக்குப் பின்னாடி போயிடுச்சா பொழுது? எப்பப் போச்சு?

கைய எடு. புடிக்காத. நான் நல்லாத்தான் நிக்கறேன்.

இந்தா, திருப்புளிய நீயே வச்சுக்க.

பயந்த மாதிரி மூச்சு விடாத, கேக்குது. முட்டிக்கு ஒண்ணும் இல்ல. முட்டி கல்லு மாதிரி இருக்கு. பகல்ல பாப்பேன், குழாய் வழியாப் பாக்கற மாதிரி, நேரா இருக்கறது தெரியும். பொழுது எறங்கிட்டா எனக்கு மூடிடும். மொத்தமா. இது மூணாவது குளிர்காலம். எம் பொண்டாட்டிக்குத் தெரியும், தர்ஃபாவுக்குத் தெரியும், இப்ப உனக்கு. வெளிய போச்சுன்னா ஒரு சவாரி வராது, புரியுதா. இருட்டுல அவ ஓட்டுவா, வழிய நான் சொல்ற மாதிரி சத்தமாப் பேசிட்டே வருவேன். இடது பக்கம் திரும்புன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவ என் முழங்கையில தட்டுவா. அப்படித்தான் ஓடுது பொழப்பு. அவளக் குடுத்துட்டா சாயங்கால சவாரிய நிறுத்த வேண்டியதுதான். உள்ள உக்காந்து இவ்வளவு நேரம் யோசிச்சது அதத்தான். வேற எதையும் இல்ல.

அன்னைக்கு நீ வெளக்க அடிச்சிட்டு வந்தப்ப, நான் திட்டத்தான் வெளிய வந்தேன். கட்டைய எடுத்துட்டுத்தான் வந்தேன். வந்தா, தெரியுது. கூடாரத்துக் கயிறு தெரியுது. மொளைக்குச்சி தெரியுது. ஆட்டோட கால் தெரியுது. ராத்திரின்னு ஒண்ணு இருக்கறதையே நான் மறந்துபோயிருந்தேன். அதுக்கு நடுவுல தர்ஃபா நின்னா. முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு ஓடியிருக்கணும்ல, ஓடல. உன் வண்டியப் பாத்து சிரிச்சுட்டு நின்னா. பகல் பூரா அவ என்னப் பாக்கும்போது மூஞ்சில ஒரு கவலை இருக்கும், கல்லு வருதா, பள்ளம் வருதா, அப்பா தடுக்கி விழுவாரான்னு. அன்னைக்கு அது இல்ல. அவளுக்கு அப்படி ஒரு மூஞ்சி இருக்குன்னே எனக்குத் தெரியாது. அதத்தான் பாத்துட்டு நின்னேன். கோவமாம்.

ரொம்பப் பெருமைப்படாத. கேடு கெட்ட வெளக்குதான். மணல தட்டையாக்கும், புழுதில கண்ணக் கட்டும், நான் சொன்னதுல எதையும் மாத்திக்க மாட்டேன்.

ஆனா அந்தத் திருகத் தொடாத. வலது பக்கம் அப்படியே மூக்கத் தூக்கிட்டு இருக்கட்டும். கல்யாணத்துக்கப்புறம் சாயங்காலத்துல ரெண்டு பேரும் இங்க வருவீங்கல்ல. மத்தவனெல்லாம் தூரத்துலயே அணைச்சுட்டு வருவான். நீங்க அணைக்காம வாங்க, வாசல் வரைக்கும். ஊரு ஏசும், ஏசட்டும். அவளே ஓட்டிட்டு வரட்டும். நிறுத்தினதும் எறங்கி, வெளக்குக்கு முன்னாடி வந்து கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லு. அப்புறம் அணைச்சுக்கலாம்.

பாங்கு சொல்றாங்க. வா, இப்பக் கையக் குடு. இந்த எடத்துல ஒரு கயிறு கட்டியிருக்கும், நீ பாத்து நட. உள்ள போயி உங்க பெரியப்பாவக் காப்பியக் குடிக்கச் சொல்லுவோம். ஆறிப்போச்சுன்னு மொணங்குவாரு. மொணங்கட்டும்.