நான் பார்க்காத கல்லறை

சோரல் பானம் கொஞ்சம் தித்திப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எனக்குச் சர்க்கரை கூடாது என்று சொன்னதிலிருந்து, என் பங்கையும் விருந்தாளியின் கோப்பையில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். ஜன்னல் பக்கம் வாருங்கள், காற்றாவது வரும்.

வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டீர்கள். "சார், நான் ரிவாஸா, குவாமினாவா? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்." நல்ல கேள்வி. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான் ஆயுள் முழுவதும் வகுப்பெடுத்தவன். ஒரே சொல்லில் பதில் எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் போட்டதே இல்லை. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

இங்கிலாந்தில் படித்துவிட்டு நான் டிரினிடாடுக்குத் திரும்பியபோது, கார்னிவலில் ஊர்வம்பை நையாண்டியாகப் பாடுகிற கலிப்ஸோ பாட்டும் இலக்கியம்தான் என்று நம் பல்கலைக்கழகத்தில் சொல்ல ஒருத்தரும் இல்லை. சொன்ன என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசிரியர் அறையில் எங்கள் துறைத் தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "மூன்சாமி, ரம் கடைக்குப் போறதுக்கும் இப்ப ஆராய்ச்சின்னு பேரு வச்சாச்சா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் என் அம்மா, "கூத்தாடிப் பசங்க பாட்டுக்கா உன்னைக் கப்பலேத்திப் படிக்க வச்சோம்?" என்று மூக்கைச் சிந்தினாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை.

அவர்கள் வாயை மூட எனக்கு ஒரு கவிஞன் தேவைப்பட்டான். உயிரோடிருந்த பாட்டுக்காரர்கள் உதவவில்லை. கருத்தரங்குக்குக் கூப்பிட்டால் குடித்துவிட்டு வந்து, துணைவேந்தர் மனைவியைப் பற்றி நாலு வரி கட்டிவிட்டுப் போவார்கள். செத்துப்போனவன் என்றால் தொந்தரவில்லை. அப்படிக் கிடைத்தவர்தான் லார்ட் அல்மனாக். அந்த வருஷம் ஊரில் நடந்ததையெல்லாம் பஞ்சாங்கம் மாதிரி பாட்டிலேயே சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் எவரார்ட் குவாமினா.

அவருடைய 'ஐஸ் வண்டிக்காரன்' பாட்டு உங்களுக்குத் தெரியும். இசைத்தட்டில் இடம் போதாமல் மூன்று சரணம்தான் பதிந்தார்கள். பாட்டுக் கூடாரத்தில் நாலாவது ஒன்றும் பாடினார். ஐஸ்காரன் பெண்டாட்டி வீட்டுக்கு விசாரணைக்குப் போன வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், ஐஸ் உருகித் தீரும்வரை வெளியே வரவில்லை என்ற கதை அது. அதைப் பாடிய வாரமே போலீஸ் தேடியது. யாரோ ஒருவனுடைய காகிதங்களை வாங்கிக்கொண்டு, படகேறி வெனிசுவேலாவுக்குத் தப்பினார். பிறகு அங்கே எண்ணெய்க் கிணற்றில் பெரிய தீ விபத்து நடந்தது. அதில் அல்மனாக்கும் போய்விட்டார் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவரைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அந்தச் சாவைப் பற்றியது. வெனிசுவேலாவின் எண்ணெய் ஊரான மரக்காய்போவுக்குப் போய் அவருடைய கல்லறையைத் தேடி அலைந்ததாக எழுதினேன். முள்மரத்தடியில் பெயரில்லாத ஒரு கல், அதன்மேல் கை வைத்தபோது உச்சி வெயிலிலும் சில்லிட்டிருந்தது, கையோடு கொண்டுபோயிருந்த செம்பருத்தியை வைத்துவிட்டு வந்தேன் என்றெல்லாம் எழுதினேன். நீங்கள் பள்ளிக்கூட ஆசிரியை. பாடப் புத்தகத்தில் அந்தப் பகுதியை நீங்களே பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள்.

நான் மரக்காய்போவுக்குப் போனதே இல்லை.

இதைச் சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. ஆள் செத்துவிட்டான், எங்கேயோ புதைத்திருப்பார்கள், அங்கே ஒரு கல்லும் இருக்கும். நான் போகவில்லை என்பது மட்டும்தான் குறை. அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, என்னைக் கிண்டல் செய்த அதே துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை குலுக்கினார். பேராசிரியர் பதவியும் வந்தது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் புத்தகத்தைக் காட்டினாள்.

உங்கள் அப்பா என் அறைக்கு வந்தது, நீங்கள் சின்னப் பெண்ணாக அவருடன் வெனிசுவேலாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து இறங்கிய வருஷம். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். முகத்தின் ஒரு பக்கம் தீயில் வெந்து இழுத்திருந்தது, முன்பல் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "கும்பிடுறேன் டாக்டரே. நீங்க புதைச்ச ஆளு நான்தான்" என்றார்.

ஏதோ பைத்தியம் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். அவர் என் மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டு அந்த நாலாவது சரணத்தைப் பாடினார். பள்ளிக்கூட நாளில் கூடாரத்தின் மூங்கில் தட்டிக்கு வெளியே நின்று அதே சரணத்தை அதே குரலில் கேட்டவன் நான். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. சந்தேகப்பட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது. கண் நிறையச் சிரிப்போடு, "என் கல்லறைக்குப் பூ வச்சீங்களாமே, என்ன பூ? செம்பருத்தியா? எனக்கு அதுன்னா தும்மல் வரும் டாக்டரே, செத்தும் தும்ம வச்சிட்டீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுத்துன்னா அப்படித்தான், நானும் பாட்டுல எத்தனை பேரைக் கொன்னுருக்கேன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இந்தக் கார்னிவலுக்குக் கூடாரத்துல ஒரு ராத்திரி, என் பேர்ல நின்னு பாடணும். காகிதமெல்லாம் எட்வர்டோ ரிவாஸ்னு இருக்கு. கூடாரத்து மேனேஜர், மூன்சாமி டாக்டரு ஆமான்னு சொன்னா மேடை தர்றேங்கிறாரு. என் பொண்ணு, அப்பன் யாருன்னு ஒரு தடவை பாக்கட்டும்" என்றார்.

ஆமாம், உங்களைப் பற்றிச் சொன்னார்.

சொல்கிறேன் என்றேன். அதற்கு முன் பாட்டுகளையெல்லாம் பதிவு செய்துவிடலாம், சான்றாக இருக்கும் என்றேன். மாதக்கணக்கில் டேப் ரெக்கார்டரோடு லாவென்டில் மேட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எனக்காகக் கோழி போட்டு பெலாவ் சோறு சமைத்து, சட்டியின் அடியில் தீய்ந்ததை எனக்குத்தான் முதலில் சுரண்டிப் போடுவார். வெனிசுவேலாவில் கட்டிய பாட்டுகள், யாரும் கேட்டிராதவை, ஒன்று விடாமல் பாடினார். அவருக்கு மேடை கொடுக்கத்தான் பதிவு செய்கிறேன் என்று அப்போது நானே நம்பியிருந்தேன். பதிவு முடிந்த அன்று படியிறங்கும்போதுதான், இனி இவர் தேவையில்லை என்று எனக்குள் ஒன்று சொன்னது. அதன் வாயை நான் அடைக்கவில்லை.

என் பதிலைச் சபை முன்னாலேயே சொல்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தேன்; அந்தக் கூடாரத்து இரவுக்கு அவர் உங்களையும் கூட்டி வந்திருந்தார். உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியாது. அவர் ஐஸ் வண்டிக்காரனை நாலு சரணமும் பாடி முடித்ததும், மேனேஜர் அதை ஒரு வேடிக்கையாகவே ஆக்கிவிட்டார். "அல்மனாக்குன்னா அந்த நிமிஷத்துல பாட்டுக் கட்டுவாரு. கட்டட்டும், பார்ப்போம்" என்று என்னையும் மேடையில் ஏற்றி அவருக்கு எதிரே நிறுத்தினார். சபை தலைப்புக் கேட்டது. "டாக்டரு, டாக்டரு" என்று கத்தினார்கள். உங்கள் அப்பா வாத்தியக்காரர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பாடினார்:

*டாக்டர் மூன்சாமி ரொம்பப் படிச்சாரு,*
*எண்ணெய்க் காட்டுல என் கல்லறையப் பாத்தாரு;*
*உள்ளே படுத்தவன் நான், எட்டிப் பாத்தேன்,*
*ஒருத்தரும் வரலையே, ஏமாந்து போனேன்.*

கூடாரம் அதிர்ந்தது. பெஞ்சுமேல் ஏறி நின்று கை தட்டினார்கள். முன்வரிசையில் பிரிகேடியர் என்ற பழைய பாட்டுக்காரர் இருந்தார். அல்மனாக்கோடு பாடியவர்களில் இந்த ஊரில் மிஞ்சியிருந்தது அவர் ஒருத்தர்தான், கண் பார்வை போய்விட்டது. அவர் எழுந்து, "இது எவரார்டுடா, வேற எவனுக்கு வரும் இந்தக் கொழுப்பு" என்று அழுதார். உங்கள் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்வது விளையாட்டுத்தானே, இப்போது நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தார். சொல்லியிருந்தால் சபை என்னையும் மன்னித்திருக்கும். அன்றைக்கு இந்த ஊருக்கு இருந்த சந்தோஷத்தில் எதையும் மன்னித்திருக்கும்.

நான் மைக்கை வாங்கினேன். மெதுவாகத்தான் பேசினேன். "இந்தப் பெரியவர் கெட்டிக்காரர், அல்மனாக் பாட்டு முழுக்க மனப்பாடம் பண்ணியிருக்கிறார். அந்தக் காலத்தில் கூடாரத்துக்கு வந்த யாருக்கும் அந்த நாலாவது சரணம் தெரியும். பிரிகேடியர் ஐயாவுக்குக் கண் தெரியாது, இன்றைக்குக் கொஞ்சம் குடித்தும் இருக்கிறார். நான் அந்தக் கல்லின்மேல் கை வைத்தவன். செத்தவரை அவமானப்படுத்த வேண்டாம்" என்றேன். என் குரல் உடைந்தது. அந்த அழுகை நடிப்பில்லை. எதற்காக அழுதேன் என்பதைத்தான் அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

முதலில் பின்வரிசையில் ஒருத்தன் மேடையை விட்டு இறங்கு என்பதற்கு அடையாளமாகக் கழிப்பறைக் காகிதச் சுருளை எடுத்து ஆட்டினான். பிறகு கூடாரம் முழுக்க வெள்ளையாக ஆடியது. "இறங்கு, இறங்கு" என்றார்கள். உங்கள் அப்பா பாட முயன்றார், வாத்தியம் நின்றுவிட்டது. நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ரேடியோ நிலையத்து வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். பாட்டு ஒலிபரப்பாகும்போதெல்லாம், "அது நான்" என்று போவோர் வருவோரிடம் சொல்வார். ஒரு நாள் காவலாளியோடு கைகலப்பாகி, போலீஸ் கொண்டுபோய் மனநல ஆஸ்பத்திரியில் விட்டது. அங்கிருந்த டாக்டர்கள் நல்லவர்கள், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவு செய்யவில்லை. இவர் சொல்வதில் ஏதாவது உண்மை இருக்குமா என்று என்னிடமே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கேட்க வேண்டிய ஆள் நான்தானே. இல்லை என்றேன்.

ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன். நீல உடுப்பில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். "உங்கள் பெயர் ரிவாஸ் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று புத்தி சொன்னேன். நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

"சொல்லிப் பாத்தேன் டாக்டரே" என்றார். "போன மாசம் சொன்னேன். பொண்ணைப் பாக்கணும்போல இருந்துச்சு, நான் அல்மனாக் இல்ல, ரிவாஸ்னு சொல்லிட்டேன். சரி, சனிக்கிழமை போகலாம்னுட்டாங்க. சாயந்திரம் வார்டு ரேடியோவுல ஐஸ் வண்டிக்காரன் வந்துச்சு. இந்த வாய் சும்மா கிடக்க மாட்டேங்குது. கூடவே பாடிட்டேன். இசைத்தட்டு மூணு சரணத்தோட நின்னுபோச்சு, நான் நாலாவதையும் பாடிட்டேன்."

சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. மேடை வேணாம். அந்த டாக்டரு காதுல மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உண்மையிலேயே இருந்தது. அன்றைய பாடமும் அல்மனாக்தான்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. அவரிடம் பதிந்த பாட்டுகளைத் தொகுத்து இரண்டாவது புத்தகம் போட்டேன். ஒரு பழைய மாலுமி பாடக் கேட்டது என்று முன்னுரையில் எழுதினேன். ஜனாதிபதி மாளிகையில் பதக்கம் வாங்கியது அந்தப் புத்தகத்துக்குத்தான். அந்த டேப் நாடாக்களைத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் குரல் இருந்த இடங்களிலெல்லாம் அதை அழித்து என் சொற்பொழிவுகளைப் பதிந்துவிட்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குவாமினா. உங்கள் அப்பா பைத்தியமில்லை. லார்ட் அல்மனாக் உங்கள் அப்பாதான், அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சாக வைத்தது நான்தான். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்ய முடியாமல்தான் இந்தத் தாடியே வளர்த்தேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னதில் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது, அதற்கு உங்களுக்கு நன்றி.

அழுங்கள், பரவாயில்லை. வீட்டில் நம் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

இதை நீங்கள் வெளியே சொல்வீர்கள். சொல்லாமல் இருக்க முடியாது, எனக்கே தெரிகிறது. பத்திரிகையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் கோபப்பட மாட்டேன். அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், நல்ல ஆசிரியை என்பேன். அவளுடைய அப்பாவுக்கும் இதே வியாதிதான் இருந்தது, பிள்ளைகளோடு பழகுகிற வேலை, யாராவது கொஞ்சம் கவனித்துக்கொண்டால் நல்லது என்பேன். என்னைத்தான் நம்புவார்கள். அப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், வெர்னா.