றாஹிலாவின் கண்ணில் விழுந்த வெளிச்சம்

வெளிச்சமே இல்லாத இடத்தில் கண்மணி எப்படிச் சுருங்கும்? சுல்பிகாவுக்கு விளங்கவில்லை.

சுல்பிகா, இந்தக் கதையைச் சொன்ன காலிதீனின் மச்சாள். எண்பத்திரண்டாம் ஆண்டில் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸ். அன்று நடுச்சாமம்... கரண்ட் இல்லை. வெளியே கடற்கரை றோட்டில் ஒரு சைக்கிள் வெளிச்சம்கூட இல்லை. வார்ட்டு மூலையில் மட்டும் திரி இறக்கிய அரிக்கன் லாம்பு. இனிப்பும் குமட்டலுமாக, மயக்க மருந்தான ஈதரின் வாசம்.

கட்டிலில் றாஹிலா. மாலையில் குடல்வால் வெட்டி எடுக்கப்பட்டவள், இன்னும் முழிக்கவில்லை. அவள் முழிப்பாளா என்று பக்கத்திலேயே காத்திருந்தாள் தாய் ஆயிஷா உம்மா.

மயக்கம் தெளிவதைக் கண்ணில் பார்க்கலாம். கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பொட்டுத்தான் கண்மணி. இருட்டில் விரியும், வெளிச்சத்தில் சுருங்கும். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டாலே போதும், இரண்டும் சேர்ந்து சுருங்கும். ஈதர் அளவுக்கு மீறி ஏறினால் விரிந்தபடியே மரத்துவிடும். மருந்து இறங்க இறங்க, முதலில் மெதுவாக, பிறகு சட்டென்று சுருங்கும்.

சுல்பிகா இமையைத் தூக்கி டோர்ச் அடித்தாள். அசைவில்லை. அணைத்தாள்... அப்போது சுருங்கியது. மெல்ல, மெல்ல. கூடவே மூச்சும் மெலிந்தது.

க்றீச்... க்றீச்...

லாம்பின் கம்பிப்பிடி ஆடும் சத்தம். மூலையிலிருந்த லாம்பு ஆடவில்லை.

"பேய்க்கும் லாம்பு வேணுமாக்கும்," என்றான், கதை கேட்டுக்கொண்டிருந்த ஸமட். காலிதீன் மேலே சொன்னான்.

யாரோ வெளிச்சத்தோடு வருகிறார்கள். அது றாஹிலாவின் கண்ணில் மட்டும் விழுகிறது. சுல்பிகா அதை மறைக்கக் குறுக்கே நின்று பார்த்தாள். அப்படியும் கண்மணி ஊசிமுனையாயிற்று. றாஹிலாவின் இமைகளை மூடினாள். சத்தம் நின்றது... மறுபடி தொடங்கியது, இன்னும் கிட்டத்தில்.

சுல்பிகா காயம் கட்டும் கோஸ் துணியைக் கிழித்தாள். தாடையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டப் போனாள். ஆயிஷா உம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன மிஸி செய்றீங்க? செத்த மையித்துக்கெல்லுவா இப்பிடிக் கட்டுற?"

"சத்தம் போடாதீங்க உம்மா. உசிரெடுக்க வாறவருக்கு அப்பிடித்தான் தெரியணும்."

க்றீச்...

ஆயிஷா உம்மா கையை விட்டாள். சுல்பிகா விரல்களைக் கட்டி முடித்தாள். உம்மா தானே மகளின் முகத்துக்குப் போர்வையை இழுத்தாள். உயிரோடிருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் நின்று, மௌத்தானவர்களுக்கு ஓதுவதை உரக்க ஓதினாள். "இன்னா லில்லாஹி..." நிறுத்தவில்லை.

சத்தம் கட்டிலருகே வந்து நின்றது. மையித்துக்குப் போடும் கற்பூரத்தின் வாசம். நெடுநேரம்... பிறகு சத்தம் திரும்பி, வாசலைத் தாண்டி, றோட்டோடு போனது.

விடியற்காலைச் சுபஹ் பாங்கு கேட்கும்போது போர்வைக்குள்ளிருந்து றாஹிலா முனகினாள். "மூச்சு முட்டுது... யாரு என்ட வாயக் கட்டின?" டோர்ச் அடித்ததும் கண்மணி சட்டென்று சுருங்கியது.

அதன் பிறகு அந்த வார்ட்டில் இரவு வேலைக்கு வருகிற எல்லா நேர்ஸ்மாரும் அப்படியே செய்தார்கள். ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து வருபவரின் கண்ணை மூடி, தாடையைத் தளர்வாகக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சிடுவார்கள். தண்ணீர் கேட்ட பிறகே அவிழ்ப்பார்கள்.