புங்கமரம் வரைக்கும்

இன்னும் மேல தம்பி. பரணுக்கும் மேல, அந்தா புதுசா பிளக் பாயிண்டு போட்டிருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல. போன வாரமே எலெக்ட்ரீசியனக் கூப்புட்டு இதுக்குன்னே போட வச்சது. சுவிட்சும் அங்கிட்டுத்தான் இருக்கு. அவனும் இப்படித்தான் என்னைய ஒரு மாதிரி பாத்தான், யாராவது சுவிட்ச கூரையில போடுவாகளான்னு.

இல்ல தம்பி, சின்னப் புள்ளைக யாரும் இல்ல வீட்டுல. நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான். அவுக கடைக்குப் போயிருக்காக, திருப்பரங்குன்றத்துல பெயிண்டுக் கடை. சாப்பாட்டுக்குத்தான் வருவாக. எலித் தொல்லையும் கிடையாது. ரூட்டர மேல மாட்டுங்கன்னா மாட்டுங்களேன். ஏணிய மட்டும் நல்லா ஊண்டிக்கங்க, டைல்ஸு வழுக்கும். ஒசரத்துல இருந்தா சிக்னலும் நல்லாப் போகுமா? பாருங்க, அப்ப ரெண்டுக்கும் நல்லதாப் போச்சு.

ரெண்டுக்கும்னா, ஒண்ணு சிக்னலு. இன்னொண்ண அப்புறம் சொல்றேன், நீங்க டிரில்லப் போடுங்க.

பழைய ரூட்டர எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறீகளா? ஐய, அதெல்லாம் குடுக்க மாட்டேன். ஓடுனாலும் ஓடாட்டியும் அது இங்கனயே கிடக்கட்டும். இப்பத் தொட்டாலே சுடுது. அதுபாட்டுக்கு நின்னுருது, அதுபாட்டுக்கு எந்திரிக்கிது. முன்ன எல்லாம் தெருவுல அந்தப் புங்கமரம் வரைக்கும் எடுக்கும். இப்ப வாசல் கேட்டு வரைக்கும் போறதே பெரும்பாடா இருக்கு. நாந்தான் தெனமும் போனக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாக்குறேன்ல. எதுத்த வீட்டுக் கனகா கேக்குறா, என்னக்கா வாக்கிங் போறியளா, போனுல ஜோசியம் பாக்குறியளான்னு. என்னத்தச் சொல்ல. சக்கர இருக்குடி, நடக்கச் சொல்லியிருக்காகன்னுட்டேன்.

எம் மக வாங்குனது தம்பி அது. சுபலட்சுமி. நாங்க சுபான்னுதான் கூப்புடுறது. லாக்டவுன்ல ஆபீசு வேலையெல்லாம் வீட்டுல இருந்தே பாருன்னாங்கல்ல, அப்ப வாங்குனது. அந்தா மூலையில மேச, மானிட்டரு, கீபோர்டு, காதுல மாட்டுறது, அம்புட்டும் அவ பாத்துப் பாத்து வாங்குனதுதான். நான் தெனமும் தொடச்சு வைக்கிறேன். கீபோர்டுல கீழ நீளமா ஒரு கட்ட இருக்குல்ல, அது ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சு கிடக்கு பாருங்க. அவ பெருவெரல் பட்டு தேஞ்சது. அதத் தொடைக்கும்போது மட்டும் துணிய வேகமா இழுக்க மாட்டேன்.

அந்தப் பழைய ரூட்டர வாங்குறதுக்குப் பத்து நாளு எடுத்தா தம்பி. டவுன்ஹால் ரோட்டுல நாலு கடைக்குப் போன் போட்டா, போனுல வீடியோவாப் பாத்தா. எங்க வீட்டுக்காரரு ஒத்தக் கொம்பு வச்சது போதும், எதுக்கு நாலு கொம்பு, மாடா வாங்கப் போறேன்னாக. அவ விடல. அப்பா, உள்ள மூணு செவுரு தாண்டணும், அடுப்படியில அம்மா சீரியல் பாக்கணும், மாடியில நான் மீட்டிங் பேசணும்னு ஒரே புடி. வாங்கி மாட்டுன அன்னிக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டா. போனப் பாத்துக்கிட்டே வீடு பூராம் நடந்தா. அடுப்படியில மூணு கோடு. மாடியில ரெண்டு. கேட்டுல ரெண்டு. அப்படியே தெருவுல நடந்துபோயி அங்கிட்டு இருந்து கத்துறா, அம்மா, புங்கமரத்துக்கிட்ட ஒரு கோடு வருது, அதுக்கு அங்கிட்டு சுத்தமா இல்லன்னு. தெருவே எட்டிப் பாக்குது. அந்த நோட்டு இன்னும் அந்த டிராயர்லதான் இருக்கு.

அவதான் எங்க ரெண்டு பேரு போனுலயும் அந்த ரூட்டரோட ஆப்பப் போட்டுக் குடுத்தா. யாரு யாரு போனு வீட்டு லைன்ல இருக்குன்னு லிஸ்டு காட்டும்ல, அது. பச்சையா இருந்தா உள்ள இருக்காகன்னு அர்த்தம். சாம்பலா இருந்தா வெளிய. எங்க வீட்டுக்காரருக்கு அது பெரிய சோலியாப் போச்சு. மத்தியானம் சாப்புட்டு ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சு, காப்பியக் கையில வாங்குனதும் அந்த லிஸ்டத்தான் தொறப்பாக. எவன் நம்ம லைனத் திங்கிறான்னு பாக்குறேன்டீம்பாக. ஒரு நா கூடத் தப்பாது.

எனக்கு அது தோசக்கல்லுக்கு உதவுச்சு. சிரிக்காதீக, நெசமாலுந்தான். ஆபீசு தொறந்தப்புறம் அவ கம்பெனி பஸ்ஸுல வந்து மெயின் ரோட்டுல எறங்கி நடந்து வருவா. அம்மா, நான் புங்கமரத்துக்கிட்ட வந்ததும் எம் பேரு பச்சையாகும், பாத்துட்டு நீ கல்லப் போடு, கை கழுவிட்டு வரவும் தோச சூடா இருக்கும்ன்னா. ஒரு வருசத்துக்கு மேல எனக்கு அதே பழக்கம். பச்ச வந்தா கல்லு அடுப்புல ஏறிரும்.

போயி மூணு வருசம் ஆச்சு தம்பி. இல்ல இல்ல, உசுரோடதான் இருக்கா, அப்படிக் கேக்காதீக. நாங்க வேணாம்னு சொன்ன பையனக் கட்டிக்கிட்டா. வேற ஆளுக. நல்ல பையன்தான்னு இப்பத் தோணுது, அன்னிக்குத் தோணல. எங்களுக்குப் பூர்வீகம் இந்தா கீழக்குயில்குடி. பங்காளிக எல்லாம் இங்க திருநகர்லயே பக்கத்துப் பக்கத்துல வீடு கட்டியிருக்கோம். எங்க மச்சாண்டாரு மகன் அழகுராஜா ரெண்டு வீடு தள்ளித்தான். அவன் நடு வீட்டுல நின்னு சொன்னான், கண்ணுல மட்டும் படட்டும், ரெண்டு பேரயும் என்ன செய்யிறேன்னு பாருங்கன்னு. வெறும் வாயி இல்ல தம்பி அவன். எங்க வீட்டுக்காரரு அவனத் தடுக்கல. தல முழுகியாச்சு, இனி எனக்கு மக இல்ல, எங்க பாத்தாலும் நானே அவனுக்குச் சொல்லி விட்டுருவேன்னாக. என் நம்பர மாத்துனாக, அவுக நம்பர மாத்துனாக. அவளும் மாத்திட்டா. அதோட முடிஞ்சுபோச்சு.

ரூட்டர மட்டும் யாரும் மாத்தல. யாருக்கும் நெனப்பு வரல. அவுக ஒரு தடவ, அந்தப் பேர மாத்தணும்டீன்னாக. சுபா வீடுன்னு வச்சிருந்தா அவ, வைஃபைக்கு. நான் சொன்னேன், பேர மாத்துனா கம்பெனிக்கு எழுதிக் குடுத்து ஆதாரு எல்லாம் கேப்பாகளாம்னு. நம்பிட்டாக. பாஸ்வேர்டும் அதேதான். இந்தப் புதுசுலயும் எழுத்துக்கு எழுத்து அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டா, அவளோட பழைய போனு தானாப் புடிச்சுக்கிருமா? புடிக்குமா. அது போதும்.

பழைய லிஸ்டு வராதா இதுக்குள்ள? வராதுன்னு கடையிலயும் சொன்னாக. இந்தா பாருங்க, கடைசியா சாம்பலா ஒண்ணு கிடக்குல்ல, சுபா போன்னு. அத ஒரு போட்டோ புடிச்சு வச்சிருக்கேன். இருந்தாலும் நீங்களும் ஒண்ணு புடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் வயரப் புடுங்குங்க. அவ போன மாத்தியிருந்தான்னா என்னங்கிறீகளா? அதத்தான் நானும் ராவும் பகலுமா நெனைக்கிறேன். அப்படியா? புதுப் போன் வாங்குனாலும் பழசுல இருந்த வைஃபையெல்லாம் கூடவே வருமா? எல்லாருக்கும் வராதா. சரி. சில பேருக்கு வரும்னீகள்ல, அது போதும்.

பச்சையாச்சு தம்பி. ஒரே ஒரு தடவ. போன வருசத்துக்கு முந்துன ஆடியில, ஒரு வியாழக்கெழம, மூணேகால் மணி. அடுப்படியில காப்பிக்குப் பால வச்சுட்டு சும்மா போனத் தொறந்தேன். சுபா போன், பச்ச. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. என் கை பாட்டுக்குத் தோசக்கல்ல எடுத்து அடுப்புல வச்சிருச்சு. மாவு கூட அரைக்கல அன்னிக்கு. வெறுங்கல்லு காயிது, நான் போனப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். புங்கமரத்துக்கிட்ட நிக்கிறா எம் மக. அதுக்கு அங்கிட்டு எடுக்காதுன்னு அவளுக்குத் தெரியும்ல, அளந்தவ அவதானே. நம்ம வாசல்ல இருந்து பாத்தா மரம் தெரியாது, தண்ணித்தொட்டி மறைக்கும். பதினோரு நிமிசம் நின்னா. அதுல போட்டிருந்துச்சு, பதினோரு நிமிசம்னு.

அப்புறமா? அப்புறம் லைன் நின்னுபோச்சு. கரண்டு கட்டான்னா கேக்குறீக? இருங்க, மேல லைட்டு எரியிதா? எரியிது. மூணு பச்ச. நல்லது. நீங்க உங்க போன எடுத்துக்கிட்டு அந்த மரத்துக்கிட்ட ஒரு நட போயி நின்னு பாத்துட்டு வாங்க. கேட்டத் தாண்டி இடது கைப் பக்கம், தொட்டிக்கு அங்கிட்டு. வேருல நிக்காதீக, தெருப் பக்கமா நில்லுங்க. அவ அப்படித்தான் நிப்பா. போயிட்டு வாங்க, நான் இங்க லிஸ்டப் பாக்குறேன்.

வாங்க. எத்தன கோடு? ரெண்டா. ரெண்டு கோடு வந்துருச்சா. உங்களுக்குக் கோடி புண்ணியம். நீங்க அங்க நிக்கும்போது இங்க உங்க போனு பேரு பச்சையா ஏறுச்சு தம்பி. உங்க பேருதான், எனக்குத் தெரியும், நாந்தான அனுப்புனேன். இருந்தாலும் அடுப்படிக்கு எந்திரிச்சுட்டேன்.  ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

ரோகிணின்னு அவ கூட வேல பாத்த புள்ள. ஆறு மாசம் கழிச்சு திருப்பரங்குன்றத்துல கோயில் வாசல்ல பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நான் விடல, கையப் புடிச்சு நிறுத்திட்டேன். அப்பச் சொன்னா. ஆன்ட்டி, அவ உங்களப் பாக்கத்தான் அன்னிக்கு வந்தா. மரத்தடியில நின்னு போனப் பாத்திருக்கா, வைஃபை தானாப் புடிச்சிருக்கு. அம்மா இன்னும் பேரு கூட மாத்தலடின்னு எனக்குப் போன் போட்டு அழுதா. உள்ள போயிறவான்னு கேட்டா, போடின்னேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே வைஃபை போயிருச்சு. பத்து நிமிசம் நின்னு பாத்தாளாம், வரவே இல்ல. நான் வந்தது அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுடி, அதான் அமத்திட்டாக, நான் வாரேன்னு சொல்லிட்டு வச்சுட்டா ஆன்ட்டின்னா. அதுக்கப்புறம் ரோகிணிகிட்டயும் பேச்சு இல்லியாம். நம்பர் போகலயாம். எந்த ஊருன்னும் தெரியல.

கரண்டுன்னு கேட்டீகள்ல. கரண்டெல்லாம் போகல. இந்தக் காத்தாடி சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு தூங்கி எந்திரிச்சு, இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தாக. பேப்பரக் கீழ வச்சு போனக் கையில எடுத்தாக, கண்ணாடியத் தேடுனாக. இப்ப லிஸ்டத் தொறப்பாக, சுபா போன்னு பச்சையாத் தெரியும், அடுத்த நிமிசம் அழகுராஜாவுக்குப் போன் போகும், அவன் ரெண்டு வீடு தள்ளி இருக்கான். ஓடிப்போயி அவகிட்டச் சொல்றதுக்கு எனக்கு அவுகளத் தாண்டித்தான் போகணும். நான் வந்தேன். மேசைக்குக் கீழ குனிஞ்சேன். பிளக்கப் புடுங்கிட்டேன்.

எம் புள்ளையக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன் தம்பி. அவ தப்பிச்சிருவா, நாளைக்கு வருவா, நாளன்னைக்கு வருவான்னு நெனச்சேன்.

அவுக போனத் தட்டித் தட்டிப் பாத்தாக. லைன் வரலயேடி, கரண்டு போச்சான்னாக. ஆமா, போச்சுன்னேன். அண்ணாந்து காத்தாடியப் பாத்தாக. அது சுத்துது. கொஞ்ச நேரம் பாத்துட்டு, போன மேசையில கவுத்து வச்சுட்டு, பேப்பரு எடுத்துக்கிட்டாக. அன்னியில இருந்து அந்த லிஸ்ட அவுக தொறந்ததே இல்ல. அவுகளுக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் கேக்கல. அவுகளும் சொல்லல. இந்தப் புது ரூட்டரு வாங்க கடைக்குப் போனப்ப மட்டும், தெரு வரைக்கும் எடுக்குறதாக் குடுங்கன்னு கடைக்காரர்கிட்ட அவுகதான் சொன்னாக.

அதான் மேல மாட்டச் சொன்னேன். சின்னப் புள்ளைக இல்ல தம்பி, நாந்தான். திரும்பவும் ஒரு நா அவ வந்து நின்னு, அவுக போனக் கையில எடுத்தாகன்னா, இந்தக் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது.

அந்த ஸ்டூல இங்கிட்டு நகத்துங்க, ஏறிப் பாக்குறேன். புடிச்சுக்கங்க. இந்தா, வெரலு ரூட்டர் வயரத் தொடுது பாருங்க. இது ஆகாது. இன்னும் ஒரு சாண் மேல ஏத்துங்க தம்பி.