மூணு தடவ இழுபட்ட கயிறு

— அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் கிழிச்சிப் போட்டா என்ன கொறஞ்சா போயிரும், அண்ணாச்சி?

— கிழிக்கதுக்கு அது காயிதம் இல்ல தங்கச்சி. ஈயம். ஒவ்வொரு எழுத்தா கோத்து, அன்னா அந்தக் கல்லு மேல கெடக்கு பாரு.

— ஏ அண்ணாச்சி, கோத்த பாரத்தப் பூட்டி அச்சுல ஏத்தட்டா வேண்டாமா? உருளைல மை காயுது.

— கொஞ்சம் பொறு, வன்னியபெருமாள். இந்தத் தங்கச்சி பேரு பிலோமி. போன வருசம் சங்கு குளிக்கப் போயி தவறிப் போனாருல்லா ரோச்சு, அவரு வீட்டுக்காரி. சிலுவையோட கூடப்பொறந்தவ.

— எந்தச் சிலுவை? நம்ம நோட்டீசுல வாரவனா?

— நோட்டீசுல பேரு ஒண்ணும் போடல.

— பேரு போடாட்டி என்ன அண்ணாச்சி? கச்சான் காத்து பேரச் சொல்லிக்கிட்டா வீசுது? அடிச்சா தெரியாதா, கச்சான்னு? தமுக்கு அடிச்சிக்கிட்டு கடற்கரைத் தெருவுல வந்து குடுத்துட்டுப் போனாவ. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பக்கத்து வீட்டு மெட்டில்டா வாசிச்சா. இப்பம் மனப்பாடமா கெடக்கு. "தங்கையின் தாலி தமையன் கையில்! கை உறங்கியதா? உறங்குவது போல் நடித்ததா? விடை அறியப் படியுங்கள், சங்கரபாண்டியன் எழுதிய நவீனம், உறங்கிய கை. விலை ரூபாய் ஒன்றே கால்."

— அது விக்கதுக்கு எழுதுனது. நோட்டீசுன்னா நாலு வரில ஆள நிறுத்தணும் பாத்துக்க. உள்ள கதைல அப்படி இல்ல. அவன் நடிக்கல்லாம் இல்ல, அசந்துதான் தூங்கிருதான்.

— ஒண்ணேகால் ரூவா குடுத்து உள்ள பாக்கதுக்கு எங்க தெருவுல ஆரு இருக்கா? நோட்டீசு சும்மா கெடைக்கு. அத வாசிச்சிட்டுத்தான் பேசுதாவ. சங்கு குளிப்பு தொடங்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. எங்க அண்ணன எந்த வள்ளத்துலயும் சேக்க மாட்டுக்காவ. தெரியாமத்தான் கேக்கேன், கயிறு புடிக்கதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாமலா இருநூறு பக்கம் எழுதியிருக்கேன்? குளிக்கவன் உசுரு மேல கயித்தப் புடிக்கவன் கையில. அதனாலதான் ஒங்க ஆளுவள்ல பொஞ்சாதியோட கூடப்பொறந்தவன் கையில கயித்தக் குடுப்பாவ. தங்கச்சி தாலிய அறுக்க எந்த அண்ணனும் துணிய மாட்டான்னு.

— அப்படித் துணிஞ்சவன்னு இப்பம் ஊரு சொல்லுது. தூங்கிட்டான்னு சொன்னப்பகூட பாவம்னு நாலு பேரு சொன்னாவ. நோட்டீசு வந்த பெறவு பாவம் போயிட்டு. பூசைக்கு வந்தா கடைசித் தூண்கிட்ட நிக்கான். கழுத்துல உத்தரியம் கூடப் போடுததில்ல. மாதா படம் தச்ச சின்னத் துணிதான் அது, எங்க சின்னப் பிள்ளைகூட அது இல்லாம இருக்காது. கேட்டா, எனக்கெல்லாம் எதுக்குங்கான்.

— நான் என்னம்மா செய்யட்டும்? பேரெல்லாம் மாத்திட்டேன். அவன் பேரு மரியான்னு வச்சேன். ஊரக்கூட மாத்தி ஆலந்தலைன்னு போட்டிருக்கேன்.

— முடிவ மாத்துங்க. கயிறு அறுந்து போச்சின்னு எழுதுங்க. ஒரு வரிதானே?

— நல்லாருக்கு கத. தலைப்பு உறங்கிய கை, கடைசில கயிறு அறுந்துச்சாக்கும்? வாங்குனவன் துட்டத் திருப்பிக் கேப்பான். ஏற்கெனவே பதிமூணு பாரம் அடிச்சி அடுக்கியாச்சு தாயி. அடிச்ச எழுத்தப் பிரிச்சி, அதே எழுத்துலதான் அடுத்த பாரம் கோக்கோம். மொதல்லேர்ந்து மாத்தணும்னா காயிதத்துக்கு எங்க போவ? உலகச் சண்ட முடிஞ்சி வருசம் ஒண்ணாச்சு, இன்னும் பெர்மிட்டுக்குப் போயி நிக்க வேண்டியிருக்கு.

— வன்னியபெருமாள், நீ சும்மா இரி. தங்கச்சி, அவன் சொல்லுதது வெடுக்குன்னு இருந்தாலும் வெவரம் அதுதான். மிச்சம் இருக்கது கடைசிப் பாரம் ஒண்ணுதான். அதுலயும் சிலுவைய நான் கெட்டவனா காட்டல. வேணும்னா வாசிச்சுக் காட்டுதேன், கேக்கியா?

— வாசிங்க.

— "கயிறு மூன்று முறை இழுபட்டது. மேலே தூக்கு என்று கீழே இருந்தவன் மன்றாடினான். மரியானின் விரல்கள் அதை உணரவில்லை. இரண்டு நாளாகக் கண் மூடாதவன் அவன். வெயிலும் அலையும் சேர்ந்து அவனை உறங்க வைத்தன. விழித்தபோது கயிற்றில் கனம் இல்லை. குதித்தான். எட்டுப் பாக ஆழத்தில் மைத்துனனைக் கண்டான். அள்ளிக்கொண்டு மேலே வந்து வள்ளத்தில் கிடத்தினான். கழுத்தில் உத்தரியம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது."

— நிறுத்துங்க.

— இன்னும் அரைப் பக்கம் இருக்கு.

— உத்தரியத்தப் பத்தி உங்களுக்கு ஆரு சொன்னா? நீங்க முருகன் கோயிலுக்குப் போறவிய. சாவுக்கும் நீங்க வரல.

— ஒருத்தரு சொன்னாரு. பேரச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— அந்த அண்ணனக் கொஞ்சம் டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்களேன்.

— வன்னியபெருமாள், போயி ஒரு டீ குடிச்சிட்டு வா.

— மை காயுதுன்னு சொல்லுதேன், டீ குடிங்கியளே. சரி, வாரேன். வரும்போது ஒரு முடிவச் சொல்லிரணும்.

— போயிட்டான். சொல்லு தங்கச்சி. முந்தானைல என்னத்த அவுக்க?

— இதத்தான். பாருங்க, இதுதான் எங்க வீட்டுக்காரவ உத்தரியம். மூலைல சேப்பு நூல் இருக்குல்லா? நான் தச்சது.

— அப்பம் பொதைக்கும்போது கழத்தி வச்சிக்கிட்டியா?

— இது அவிய கழுத்தோட கடலுக்கே போகல அண்ணாச்சி. அன்னைக்கி விடியக்காலம் அவிய போன பெறவு பாய சுருட்டுனேன். தலகாணிக்கு அடில இருந்துச்சு. இது இல்லாம எங்காளு எவனும் தண்ணில எறங்க மாட்டான். மறந்துட்டுப் போறதுக்கு இது தீப்பெட்டி இல்ல. கழத்தி, மடிச்சி, வச்சிட்டுப் போயிருக்காவ.

— என்ன சொல்லுத நீ?

— மாதா துணியக் கழுத்துல வச்சிக்கிட்டு அந்தப் பாவத்தப் பண்ணப்படாதுன்னு நெனச்சிருக்காவ.

— ஐயோ.

— எங்க மவ பிளாரன்சு ஏழு வயசுல விஷக்காய்ச்சல்ல போயிட்டா. அப்பம் அவிய குளிப்புல இருந்தாவ. ஆளு விட்டு, வந்து சேரும்போது பொதைச்சாச்சு. அதுக்குப் பெறவு வீட்டுல இருப்பாவ, சாப்புடுவாவ, கேட்டா பதில் சொல்லுவாவ. ஆனா இல்ல. எனக்குத் தெரிஞ்சிது. தெரிஞ்சும் நான் ஒண்ணும் செய்யல. என்ன செய்யணும்னு தெரியல அண்ணாச்சி.

— இத ஆருகிட்டயும் சொல்லலியா?

— சொன்னா? தானா உசுர விட்டவனுக்கு மணி அடிக்க மாட்டாவ. கல்லறைத் தோட்டத்துல எடம் கெடயாது, மதிலுக்கு வெளியதான். அவிய இப்பம் பிளாரன்சு பக்கத்துல கெடக்காவ. ரெண்டு சிலுவையும் ஒட்டி நிக்கி. அத நான் கெடுப்பனா? அண்ணன் வந்து, நான் தூங்கிட்டேன், எந்தப்புன்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதான். வாய மூடிக்கிட்டேன். அவன் தூங்கலன்னு எனக்குத் தெரியும். கயித்துல கைய வச்சா கண்ணு கூட கொட்டாதவன். ஆனா அவன் சொன்னதுல ஊரு அடங்குச்சு, எடம் கெடச்சிது. ஒண்ணரை வருசமா அவன்கூட முகங்குடுத்துப் பேசல. பேசுனா, புருசனக் கொன்னவன்கூட என்ன பேச்சுன்னு கெளறுவாவ. ஏன் சிரிக்கா, ஏன் சோறு போடுதான்னு... பென்சில கீழ வைங்க அண்ணாச்சி.

— இல்ல, நான்...

— கை தானா போகுது. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— வச்சிட்டேன். மன்னிச்சிக்க. எழுதுத பய புத்தி அது. தீப்பிடிச்ச வீட்டுலயும் வெளிச்சம் நல்லாருக்கேன்னு பாக்கும். சத்தியமா எழுத மாட்டேன்.

— இத உங்ககிட்ட வந்து சொல்லுதேன்னா எங்க அண்ணனுக்காகத்தான். கல்லறையும் கெடக்கணும், அவனும் தலை நிமிந்து நடக்கணும். அதுக்குத்தான் கயிறு அறுந்துச்சின்னு எழுதச் சொன்னேன். எவனோ பழிகாரப்பய உங்ககிட்ட வந்து கத சொல்லியிருக்கான்னு வயிறெரிஞ்சி வந்தேன். எஸ்றாவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கி அதே வள்ளத்துல சுக்கான் புடிச்சவன் அவன்தான். போன வருசம் மாதா பெருநாளுக்குக் குடிச்சிட்டு, கயிறு அறுந்தும் வரல, ஆளும் வரல, இடுப்புல கட்டுன முடிச்சு அவுந்துல்லா வந்துச்சின்னு ஒளறுனான். அவராவே அவுத்துருப்பாரோன்னு நாலு பேரு அதப் புடிச்சிக்கிட்டு முணுமுணுத்தாவ.

— மாதா பெருநாளா? போன வருசம் ஆகஸ்டா?

— ஆமா. ஏன் கேக்கிய?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— இப்பம் இந்த உத்தரியம் வரிய வாசிச்சிய. பொதைக்கும்போது அவிய கழுத்துல ஒரு உத்தரியம் கெடந்துச்சு. அது இவியளுது இல்லன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். குளிப்பாட்டும்போது, சாமியாருக்கு ஒத்தாசையா இருக்க கோயில்பிள்ளை போட்டிருப்பாருன்னு நெனச்சேன். நீங்க வாசிச்சதுல வள்ளத்துல கெடத்தும்போதே இருக்கே. ஈரமா.

— ஆமா. அப்படித்தான் சொன்னான்.

— கழுத்து வெறுமையா இருந்தத எஸ்றா பாத்திருந்தா அன்னைக்கே கத்தியிருப்பான். அவன் பாக்கும்போது இருந்துருக்கு. அப்பம் தண்ணிக்குள்ளயே போட்டிருக்கணும், குதிச்சவன் எங்க அண்ணன் ஒருத்தன்தான். எட்டுப் பாகத்துல, மூச்ச அடக்கிக்கிட்டு, தன் கழுத்துலேர்ந்து கழத்தி... அண்ணாச்சி, உங்ககிட்ட கத சொன்னது எங்க அண்ணனா?

— பேரச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே தாயி.

— சத்தியத்த மீற வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க.

— சிலுவைதான் தாயி. மாதா பெருநாள் முடிஞ்ச மறுவாரம் தேடி வந்தான். நீங்க கத எழுதுதவிய, என் கதைய எழுதுங்க, புஸ்தகத்துல ஏறுனா ஊரு வேற எதையும் பேசாதுன்னான். குத்தம் பண்ணுனவன் மனசுல உள்ளத எறக்கி வைக்கத் துடிக்கான்னு நெனச்சேன். சாயங்காலம் சாயங்காலம் கரைல ஏத்திப் போட்ட வள்ளத்து நெழல்ல உக்காந்து சொன்னான். எங்க ஆபீசுப் பழைய காயிதத்துக்குப் பின்பக்கம் குறிச்சிக்கிட்டேன். எழுதி எழுதி வாசிச்சுக் காட்டுவேன். திருத்துவான்.

— எழுதப் படிக்கத் தெரியாதவன். என்னத்தத் திருத்துனான்?

— எல்லாத்தையும். கயிறு ரெண்டு தடவ இழுபட்டுச்சின்னு எழுதியிருந்தேன். இல்ல, மூணு தடவன்னு போடுங்கன்னான். உத்தரியத்த நான் விட்டுட்டேன். அந்த வரி இல்லாம புஸ்தகம் வரப்படாதுன்னு சண்ட போட்டான். நோட்டீசு மட்டும் அவனுக்குக் காட்டல. அது என் வெனை. நடிச்சதான்னு நான் போட்டேன், ஆளிழுக்க. வந்து பாத்துட்டுக்கூட ஒண்ணும் சொல்லல. நல்லா விக்கும்லா அண்ணாச்சின்னு மட்டும் கேட்டான்.

— மூணு தடவ இழுத்தாவன்னா சொன்னான்?

— ஆமா. அதச் சொல்லும்போதுதான் அழுதான். பெறவு ஒண்ணு சொன்னான், அப்பம் எனக்கு வெளங்கல. இத எந்தங்கச்சிக்கு ஆராவது வாசிச்சுக் காட்டுவாவ அண்ணாச்சி, மாப்பிள்ள மேல வாரதுக்குத்தான் கெடந்து இழுத்தாருன்னு அவ தெரிஞ்சிக்கிடணும், அவள விட்டுட்டுப் போகணும்னு அவரு நெனைக்கலன்னான்.

— இழுக்கலியே அண்ணாச்சி. ஒரு தடவகூட இழுக்கலியே எங்க வீட்டுக்காரவ. மாதாவே. ஒரு தடவ இழுத்திருந்தா எங்க அண்ணன் கடலயே தூக்கிக் கரைல வச்சிருப்பானே.

— அழு தாயி. அழுதுரு. அந்த வண்ணான் குறி போட்ட துணியத்தான் எடுத்துக்க, மை இல்லாதது அது ஒண்ணுதான். கேளு, வன்னியபெருமாள் வந்ததும் பிரிச்சிப் போடச் சொல்லிருதேன். கயிறு அறுந்துச்சின்னு எழுதுதேன். தலைப்பு பொருந்தாட்டி பொருந்தாமப் போகட்டும். மிச்ச நோட்டீச பூரா அடுப்புல போடுதேன்.

— நோட்டீச அடுப்புல போடுங்க. மத்ததுக்குக் கொஞ்சம் பொறுங்க. எனக்குத் தெரியும்னு அண்ணனுக்குத் தெரியாதுல்லா?

— தெரியாது. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இவ்வளவும்.

— அப்பம் தெரிய வேண்டாம். இந்தத் துணி என் முந்தானைலயே கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி, ஊரு பாக்க அவன் வீட்டுக்குப் போறேன். மன்னிச்சிட்டேன் அண்ணேன்னு சொல்லப் போறேன். கட்டுனவளே மன்னிச்சிட்டா, பெறவு வள்ளத்துக்காரனுக்கு என்ன? செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அத அவன் வாங்கிக்கிடுவான். வாங்கிக்கிட்டு அழுவான். ரெண்டு பேரும் சேந்து அழுதா போதும் எனக்கு.

— டீயும் குடிச்சாச்சு, பீடியும் குடிச்சாச்சு. என்ன அண்ணாச்சி, பாரத்தப் பூட்டவா, எழுத்தப் பிரிக்கவா? இந்தத் தாயி ஏன் இப்படி அழுவுது?

— இரி வன்னியபெருமாள். தங்கச்சி சொல்லட்டும்.

— பூட்டுங்க அண்ணே. எங்க அண்ணன் எழுதுனபடியே இருக்கட்டும்.