ஆறாம் எண் பேருந்தைப் பற்றி மூன்று கட்டுரைகள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைப்பது வெளியில் நினைப்பதுபோல அத்தனை சிரமமான வேலை இல்லை, மிஸ்டர் பீலர். அவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கோபம். மதிய இடைவேளை போதவில்லை, வகுப்பில் சூயிங்கம் மெல்ல விடுவதில்லை, வீட்டுப்பாடம் மலைபோல் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு ஒரு வரிசை கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். முதலில் உன் கட்சி என்ன, பிறகு மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, எதிராளி என்ன சொல்வான், அதற்கு உன் பதில், கடைசியில் முடிவுரை. இருபத்தாறு வருடமாக இதே மாவைத்தான் அரைக்கிறேன். ஒரு நாளும் சலித்ததில்லை.

நீங்கள் ஜோலீன் டீட்ஸின் கட்டுரையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் திருத்தித் திருத்தி எழுதிய நான்கு பிரதிகளும் என் அலமாரியில்தான் இருந்தன. உங்கள் போலீஸ்காரர்கள் பூட்டை உடைத்திருக்க வேண்டாம், சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஓரங்களில் பச்சை மையில் இருப்பதெல்லாம் நான் எழுதியது. நான் எதையும் மறைக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரியும். மார்ச் மாதம் ஏழாம் வகுப்பின் மூன்று நல்ல கட்டுரைகளைப் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுதிய பிள்ளைகளே படிப்பார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். வாரியம் இதுவரை ஒரு கட்டுரைக்கும் இல்லையென்று சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை பீட்சா அப்படி வந்ததுதான். பள்ளி தொடங்கும் நேரம் இருபது நிமிடம் தள்ளிப்போனதும் அப்படித்தான். பெற்றோர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்க, நவம்பரில் ஓட்டுக் கேட்கப் போகிற வாரிய உறுப்பினர்கள் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பார்கள்? பெரியவர்கள் வைத்த எத்தனையோ மனுக்கள் அதே மேசையில் தூசி படிந்து கிடக்கின்றன. அதில் என்னுடையதும் ஒன்று.

என் மனு எல்வுட் கிரேபிலைப் பற்றியது. ஆறாம் எண் பேருந்தை ஓட்டியவர். மூன்று வருடங்களுக்கு முன் நவம்பர் மாதத்தில் ஒரு காலை, அவர் என் மகன் கெல்வினை ஏற்றிக்கொள்ளாமல் போனார். அவனுக்குப் பதினான்கு வயது. மூடுபனியில் மாநிலச் சாலையின் ஓரமாக நடந்துபோனவனைப் பால் லாரி ஒன்று அடித்துவிட்டது. அந்த லாரிக்காரர்மீது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பனியில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னார். கிரேபிலைத்தான் நீக்கச் சொன்னேன். விசாரித்துவிட்டு அவர்மீது தவறில்லை என்று இரண்டு வரியில் கடிதம் அனுப்பினார்கள்.

அடக்கத்துக்கு அவர் வந்தார். துக்க வீட்டில் சாப்பிடவென்று மனைவி செய்த உருளைக்கிழங்கு கேசரோலைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். "டீச்சரம்மா, தங்கமான புள்ள. ஏறும்போதே 'என்ன பாஸ், இன்னைக்காவது வேற ஊருக்கு ஓட்டுங்க'ன்னு சிரிப்பான். நான் இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணும்" என்றார். அவரே வாயால் ஒப்புக்கொண்டார், கேட்டீர்களா? அதன்பின் தினமும் காலை ஏழு பன்னிரண்டுக்கு என் வீட்டு நிறுத்தத்தைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கித் தொப்பியைக் கழற்றுவார். மூன்று வருடம், பள்ளி இருக்கும் ஒவ்வொரு நாளும். சமையலறை ஜன்னலில் காபியோடு நான் அதைப் பார்க்க வேண்டும். அப்படித் துக்கம் கொண்டாட அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? ஊரே அவரை நல்லவர் என்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்குக் கோபம், மிஸ்டர் பீலர். இப்போதும் இருக்கிறது. குரலை உயர்த்தாததால் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த வருடம் நான் கொடுத்த தலைப்பில் யார் பெயரும் இல்லை. 'பள்ளிப் பேருந்துகளில் ஓட்டுநருடன் இன்னொரு பெரியவரும் இருக்க வேண்டும்.' அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் நல்ல தலைப்பு என்று பாராட்டினார். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன், எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். என் வகுப்பில் பாதிப் பேர் ஆறாம் எண் பேருந்தில் வருகிறவர்கள்.

பத்துப் புள்ளிவிவரங்களைவிட, நேரில் பட்ட ஒரு சம்பவம் வாசிப்பவரை அதிகம் அசைக்கும் என்றும் சொன்னேன். அதற்கு இருபது மதிப்பெண் ஒதுக்கினேன். கோல்பி என்ற பையன், கிரேபில் ரயில் பாதைக்கு முன்னால் காரணமே இல்லாமல் வண்டியை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எழுதினான். சட்டப்படி எல்லாப் பள்ளிப் பேருந்தும் ரயில் பாதைக்கு முன்னால் நின்றாக வேண்டும். கதவைத் திறந்து வைத்து, ரயில் வரும் சத்தம் கேட்கிறதா என்று ஓட்டுநர் கவனிக்க வேண்டும். கிரேபில் கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பார், அப்படித்தான் அவருக்குக் காது கூர்மையாகும்போலும். எனக்கு இது தெரியும், கோல்பிக்குத் தெரியாது. 'தூங்கிவிடுகிறார் என்றா சொல்கிறாய்? தெளிவாகச் சொல்' என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த பிரதியில் தெளிவாகச் சொல்லியிருந்தான்.

ஜோலீன் வாய் திறக்காத பெண். அவளுடைய முதல் பிரதியில், ஓட்டுநர் அடிக்கடி கண்ணாடியில் எங்களைப் பார்க்கிறார், அப்போது அவர் கண் சாலையில் இருக்காது, ஆகையால் இன்னொருவர் தேவை என்று எழுதியிருந்தாள். நியாயமான காரணம், ஆனால் உயிரில்லை. 'பார்க்கிறார்' என்ற சொல்லை வட்டமிட்டு, 'அப்போது உனக்கு எப்படி இருந்தது?' என்று எழுதினேன். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், அவரு எல்லாரையும்தான் பாக்குறாரு. டிரைவர்னா பாக்கணும்ல?"

"பாக்கட்டும். நீ அந்த பஸ்ல ஒரு தடவைகூட பயந்ததில்லையா?"

"ஒரு தடவ, மான் குறுக்க வந்து பிரேக் போட்டப்ப."

"அப்ப பயந்திருக்க. அத எழுது. மான் எதுக்கு? அது கட்டுரைய வேற பக்கம் இழுக்கும்."

இரண்டாம் பிரதியில் மான் போய்விட்டது. மூன்றாம் பிரதியில் 'எங்களை' என்பது 'என்னை' ஆனது. நான்காவதில் அவர் கண்ணாடியில் அவளை மட்டுமே பார்த்தார், அவள் கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள், யாரிடமும் சொல்லப் பயந்தாள். ஒரு பொய்யைக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்விதான் கேட்டேன். தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டபோது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அதுவரை அவளை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. அந்தக் கோட்டு விஷயத்தைப் படித்தவுடன் நான் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஆசிரியர்களுக்குச் சட்டம் அப்படித்தான். ஆனால் நீங்கள் வந்து அவளிடம் கேட்டிருந்தால் மானைப் பற்றிச் சொல்லியிருப்பாள்.

கூட்டத்துக்குக் கிரேபிலை அழைத்தது நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் போய்ப் பேசினேன். "உங்க பஸ் புள்ளைங்க மூணு பேரு படிக்கிறாங்க, வாங்க" என்றேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாம் வரிசையில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோல்பி படித்து முடித்ததும் பிடரியைச் சொறிந்தார். அடுத்த கட்டுரையில் புள்ளிவிவரங்கள், அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஜோலீன் படித்தாள். நன்றாகப் படித்தாள். பயந்தேன் என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தச் சொல்லியிருந்தேன், சரியாக நிறுத்தினாள். கிரேபில் எழுந்து, "ஜோலீன், என்னம்மா கண்ணு இது?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வாரியத் தலைவி மேடையிலிருந்து இறங்கிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். கிரேபிலை அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வரிக் கடிதம்கூட வேண்டியிருக்கவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. அந்த வாரமே அவர் வீட்டு ஜன்னல்களில் கல் விழுந்தது, மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜோலீன் ஒரு கவரோடு வந்து நின்றாள். வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். மான் அதில் திரும்ப வந்திருந்தது. கோட்டு, கண்ணாடி எல்லாம் தானே சேர்த்தது, அவர் தங்களுக்குப் பெப்பர்மிண்ட் கொடுப்பதைத் தவிர எதுவும் செய்ததில்லை என்று இருந்தது.

"அப்பா அந்தக் கட்டுரையப் பாக்கெட்டுலயே வெச்சுக்கிட்டுத் திரியறாரு, மிஸ். நெசமில்லன்னு சொன்னா, நான் பயந்துபோய் மறைக்கிறேங்கறாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

கடிதத்தை நான் கொடுத்துவிடுவதாகவும் அவள் அப்பாவிடம் பேசுவதாகவும் சொன்னேன். அவள் தோளிலிருந்து பாரம் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. அன்று மாலை பேசவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. ரஸ் டீட்ஸ் முன்கோபி என்பதும், ஒரு தடவை உள்ளே போய் வந்தவர் என்பதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் கிரேபில் காரைவிட்டு இறங்கினார். டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு டீட்ஸ் அவரிடம் போனார். கிரேபில் மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து இறந்தார். கடிதம் நீங்கள் எடுத்த இடத்தில்தான் இருந்தது, மேசையின் இரண்டாவது இழுப்பறையில். நான் அதைத் திருத்தவில்லை. பிழைகள் நிறைய.

டீட்ஸைச் சிறையில் வைத்திருக்கிறீர்கள், பெண் அத்தை வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கு வருவதில்லை. அவளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அப்பா கையை நான் பிடித்து இழுக்கவில்லை. அவர் ஒரு கட்டுரை படித்தார், படித்ததை நம்பினார். அதற்குத்தான் கட்டுரை.

கடைசியாக நீங்கள் கேட்டது, என் மகன் அன்றைக்கு ஏன் தாமதமானான் என்று. ஆறாம் எண் பேருந்தின் நேரப் பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். சொல்லிவிடுகிறேன். ஆறே முக்காலுக்கே அவன் பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான். அன்று அவன் வகுப்பில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். வாங்கிப் பார்த்தேன், முடிவுரை சப்பென்று இருந்தது. உட்காரவைத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். அதுவும் சரியில்லை. இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தேன். வாசலில் ஹாரன் கேட்டது. "அம்மா, பஸ்ஸும்மா" என்றான். நிக்கட்டும், அதுக்குத்தான் அந்தாளுக்குச் சம்பளம் என்றேன். ஹாரன் மறுபடியும் கேட்டது. நான் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினேன். அவன் எழுதி முடித்து ஓடியபோது தெரு காலியாக இருந்தது. எனக்கும் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நடந்து போ, புத்தி வரும் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். கிரேபில் நான்கு நிமிடம் நின்றார் என்று பதிவேட்டில் இருக்கும். நின்றார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே வாங்கிப் படித்துப் பாருங்கள், மிஸ்டர் பீலர், அந்த மூன்றாவது முடிவுரை முதலில் எழுதியதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.