ஒரு மரத்தட்டில் இரண்டு பேர்

இப்ப வாசிச்ச வசனம் உங்களுக்குள்ள இறங்கணும்னா, ஒரு சின்னக் கதை சொல்லியாகணும். கொஞ்சம் பேச்சை நிறுத்துங்க, பின்னாடி... ஆங். இது கட்டுக்கதை இல்ல. நானே உக்காந்து சாப்பிட்ட கதை.

அன்னிக்கு யார் யார் இருந்தாங்க? ஒருத்தர் விடாம சொல்றேன். அமெரிக்காவுல இருந்து வந்து நம்ம மிஷன் பங்களாவுல இருந்த ஆரியட் மிஸ்ஸியம்மா. நம்ம சபைப் பாஸ்டர் தேவாசீர்வாதம் ஐயர். கொர்நேலியு மூப்பர், அவர் சம்சாரம் நவமணி அம்மாள். உபதேசியார் வேலை பார்த்த என் வீட்டுக்காரர். என் மாமியார் ரெபேக்காள். நான், அப்ப புதுப் பொண்ணு. அப்புறம் பங்களாவுல சமைச்ச லேயாள். அவ்வளவுதான்.

மிஸ்ஸியம்மா ஊருக்கே திரும்பிப் போறாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு விருந்து. விருந்துன்னதும் நவமணி அம்மாள் என்ன பண்ணினா தெரியுமா? முள்கரண்டி பழகினா! வாரம் பூரா இட்லியைக் குத்திக் குத்திச் சாப்பிட்டிருக்கா. மூப்பர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், "எங்க வீட்டு இட்லிக்கு ஊசி போட்டாச்சு"ன்னு.

போய்ப் பார்த்தா... முள்கரண்டியே இல்ல! நீளமா ஒரு பலகை. ரெண்டு பக்கமும் பெஞ்சு. தலைப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி. பீங்கான் தட்டு கிடையாது. சதுரமா மரத்துண்டு, நடுவுல குழி.

மிஸ்ஸியம்மா பைபிள் தமிழ்லதானே பேசுவாங்க? "அன்பானவர்களே, எங்கள் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் இப்படித்தான் உண்டார்கள். முள்கரண்டி அவர்களிடம் இல்லை. கையால் உண்ணுங்கள். ஒரு தட்டில் இரண்டு பேர் உண்ண வேண்டும். வீட்டுத் தலைவருக்கு மாத்திரம் நாற்காலி."

நாற்காலியில யாரு? கேக்கணுமா? ஐயர்தான். அவருக்குத் தனித் தட்டு. மூப்பருக்கு ஜோடி என் வீட்டுக்காரர். எனக்கு ஜோடி என் மாமியார்... அது ஒரு தண்டனை. "கோடு தாண்டி என் பக்கம் கையை விடாதடி"ன்னு காதுல சொல்லிக்கிட்டே இருந்தா. கோடு எங்க இருக்கு அந்தத் தட்டுல?

நவமணி அம்மாளுக்கு ஜோடி யாரு? மிஸ்ஸியம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி, "லேயாள், நீ வந்து உட்காரு. நான் பரிமாறுகிறேன்"ன்னாங்க.

லேயாள் என்ன சாதின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் எடுத்தும் தெரியும்... என்ன, தலையைக் குனியுறீங்க?

உக்காந்தா. மக்காச்சோளக் களி வந்துச்சு. கருப்பட்டி போட்டு அவிச்ச மொச்சை வந்துச்சு. வேக வச்ச பரங்கிக்காய். நவமணி அம்மாள் முதல்ல விரல் நுனியில தொட்டா. அப்புறம் அள்ளினா. கடைசியில லேயாள் பக்கத்துக் களியையும் வழிச்சுட்டா. லேயாள் சிரிச்சுக்கிட்டே, "அம்மா, தட்டை விட்டுருங்க, அது மரம்"ன்னா. எல்லாரும் சிரிச்சோம்.

அப்ப மிஸ்ஸியம்மா சொன்னாங்க, கப்பல்ல வந்தவங்க பட்டினியில செத்தாங்களாம், அந்த மண்ணுல ஏற்கனவே இருந்த ஜனங்கதான் இந்தச் சோளத்தைக் காட்டி, விதைக்கச் சொல்லிக் கொடுத்துக் காப்பாத்தினாங்களாம்.

லேயாள் கேட்டா, "சோளம் குடுத்தவங்க இந்தப் பெஞ்சுல எந்தப் பக்கம் உக்காந்தாங்கம்மா?"

மிஸ்ஸியம்மா பரிமாறின கரண்டியைக் கீழ வச்சாங்க... "ஒரு காலத்தில் சேர்ந்து உட்கார்ந்தார்கள், லேயாள். பிறகு அவர்களுடைய நிலத்தை எங்கள் ஜனங்கள் பிடுங்கிக்கொண்டார்கள்." மறைக்காம சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

சரி, விருந்து முடிஞ்சுது. இனிமேத்தான் கதை.

பங்களாவைப் பூட்டினா லேயாளுக்கு வேலை போச்சு. பொம்பளப் பிள்ளைங்க போர்டிங்குல சமையல் வேலை காலியா இருந்துச்சு. அது கிடைச்சா அவ மக சூசன்னாளுக்கு அங்கேயே சோறு, அங்கேயே படிப்பு. அதுக்காகத்தான் அவ மன்றாடினா. அந்த வேலைக்கு ஆள் போடுற சபைக் கமிட்டி எங்க வீட்டுக் கூடத்துலதான் கூடுச்சு. நான் காப்பி ஆத்துறேன். லேயாள் வாசப்படியில நிக்கிறா.

மூப்பர் இழுத்தார், "லேயாள் சமைச்சா, பெத்தவங்க பிள்ளைங்கள நிப்பாட்டிருவாங்க..."

மிஸ்ஸியம்மா கேட்டாங்க, "நீங்கள் எல்லாரும் அவள் சமைத்ததை உண்டீர்களே! நவமணி, நீ அவளோடு ஒரே தட்டில் உண்டாயே!"

நவமணி அம்மாள் தரையைப் பார்த்தா. எல்லாரும் ஐயரைப் பார்த்தோம். அவர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சபையில அவர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?

அவர் சிரிச்சார். "அன்னிக்கு ஒருநாள் நாங்க அமெரிக்கரா நடிச்சோம், மிஸ்ஸியம்மா. இப்ப நம்ம ஊருக்குத் திரும்பி வந்துட்டோமே!"

கூடமே சிரிச்சுது. லேயாள் அதைக் கேட்டா. "சரிங்க ஐயா"ன்னா. நான் நீட்டின காப்பியை வாங்கல. போயிட்டா. சூசன்னாள் சிலேட்டுப் பலகையை வச்சுட்டு, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனா. நல்லாப் படிக்கிற பிள்ளை.

இதை ஏன் இன்னிக்குச் சொல்றேன்? கொல்லைப்பக்கம் சாம்பார் வாசம் வருது. ஐக்கிய விருந்துன்னு பேர் போட்டிருக்கீங்க. எல்லாரும் ஒரே பாயில உக்காருவீங்க, போட்டோ எடுப்பீங்க. நல்லது. ஒரு நாளைக்குச் சேர்ந்து உக்கார யாருக்கும் கஷ்டம் இல்ல தாயி. இன்னிக்கு உங்க பக்கத்துல உக்கார்றவ, நாளைக்கு மகளுக்கு ஒரு இடம் கேட்டு உங்க வாசலுக்கு வருவா. அப்ப என்ன சொல்வீங்க? "அது விருந்து அன்னிக்கு"ன்னா சொல்வீங்க? அப்படிச் சொல்றதா இருந்தா, இன்னிக்கு அவ பக்கத்துல உக்காராதீங்க. எழுந்து வீட்டுக்குப் போங்க.

நவமணி அம்மாள் பின்னாடி லேயாள் வீட்டுக்கே போய், "அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்"னு அழுதா. அவளை மன்னிச்சேன். மூப்பர் பயந்தவர், அவரையும் மன்னிச்சேன். என் மாமியாரையே மன்னிச்சவ நான், அதுக்கு மேல என்ன வேணும்? மன்னிக்கணும்னு வேதம் சொல்றது எனக்கும் தெரியும். கர்த்தர் கேட்டார்னா நேர்ல பதில் சொல்லிக்கிறேன்.

ஒரே ஒருத்தரை மட்டும் மன்னிக்க மாட்டேன்... தேவாசீர்வாதம் ஐயர்.